மூன்றாம் ஓலைக்கு முன்பே

புழலிலும் காவாங்கரையிலும், செங்குன்றத்திலும் மாதவரத்திலும், மணலியிலும் எண்ணூரிலும், திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் ஞாயிறுதோறும் ஆண்டவருடைய சமுகத்தில் கூடுகிற சபையாரே, ஒரு காரியத்தை இனியும் தள்ளிப்போட முடியாது. லெந்து நாட்களில் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் புதுவருஷ ஆராதனை முடிந்த கையோடு ஓலைகள் வரிசைகட்டி வருகின்றன. முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. போதகர் இரண்டு பெயர்களை வாசிக்கிறார். தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்கிறார். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? வேதாகமத்தை உறையில் போடுகிறோம். பிள்ளையின் செருப்பைத் தேடுகிறோம். கறிக்கடையில் கூட்டம் சேர்ந்திருக்குமே என்று கவலைப்படுகிறோம். மூன்று ஞாயிறும் இப்படியே போகிறது. அடுத்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த மூன்று ஞாயிறின் மௌனத்துக்கு நாம் எல்லாரும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1069ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். திருமணத்துக்குத் தடை இருப்பது தெரிந்த விசுவாசி ஒவ்வொருவரும் அதைக் குருவிடமோ ஆயரிடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஒவ்வொருவரும்! மாப்பிள்ளை வீட்டுக்காரரும் பெண் வீட்டுக்காரரும் மட்டும் என்று சொல்லவில்லை. கடைசி வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சிஎஸ்ஐ ஆனாலும் லுத்தரன் ஆனாலும் பெந்தெகொஸ்தே ஆனாலும் அந்தக் கடமையில் நமக்கு விலக்கு கிடையாது.

நமக்குத் தெரியாமலா இருக்கிறது? பையன் சம்பள நாளில் டாஸ்மாக்கிலிருந்து எப்படி வீடு திரும்புகிறான் என்று அவனோடு மணலியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவருக்குத் தெரியும். அவன் தாயை என்ன வார்த்தை சொல்லித் திட்டுகிறான் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். பெண்ணுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனசில்லை என்று பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியும். எத்தனை இடத்தில் வட்டிக்கு வாங்கிக் கல்யாணம் நடக்கிறது என்று சீட்டுப் பிடிக்கிற அக்காவுக்குத் தெரியும். இவையெல்லாம் சட்டப்படி தடையா என்று ஒருவர் வாதம் பண்ணலாம். மனசில்லாத சம்மதம் சம்மதமே அல்ல. அது எந்தச் சபையிலும் தடைதான். மற்றவை தடையோ இல்லையோ, உங்கள் சொந்த மகளுக்கு அந்த வரன் வந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பீர்களா? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனால் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அந்த 38 பேரில் நம் சபைப் பிள்ளை ஒருத்தியும் இல்லை என்று சத்தியம் பண்ண யார் முன்வருவீர்கள்?

புழல் ஏரியில் தண்ணீர் ஏறினால் மதகைத் திறக்குமுன் வடகரைக்கும் மணலிக்கும் எச்சரிக்கை வருகிறது. திறந்தபின் கரையில் நின்று கத்துவதால் ஒன்றும் ஆகாது. ஓலையும் அதற்குத்தான் மூன்று தரம் வாசிக்கப்படுகிறது. ஆனால் மெய்யாகவே கேட்க வேண்டியதை முதல் ஓலைக்கும் வெகு முன்னே, வரன் பேச வாயெடுக்கும் அன்றே கேட்டுவிட வேண்டும். அங்கேதான் நாம் தவறிப்போகிறோம்.

வரன் தேடும் விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். முதலில் சபைப் பிரிவு. அதை ஒட்டினாற்போல் சாதி. பிறகு படிப்பு, நிறம், உயரம், சம்பளம், சொந்த வீடு. கடைசியில் இடம் மிஞ்சினால் தேவபக்தி. உபவாச ஜெபத்தில் கண்ணீர் விட்டுத் தேவபக்தியுள்ள துணையைக் கேட்கிறோம். ஜெபம் முடிந்து எழுந்ததும் புரோக்கரிடம் எத்தனை சவரன் போடுவார்கள் என்று கேட்கிறோம். ஆண்டவரிடம் ஒன்று, புரோக்கரிடம் ஒன்று. இந்த இரண்டு நாவுக்கு நியாயத்தீர்ப்பு இல்லை என்று நினைக்காதீர்கள்.

ஆபிரகாம் தன் மகனுக்குப் பெண் தேட ஊழியக்காரனை அனுப்பிய கதை நமக்கு மனப்பாடம். ஆதியாகமம் 24. கல்யாண வீட்டுப் பிரசங்கத்தில் பாதிக்கு மேல் அந்த அதிகாரம்தான். ஆனால் அந்த ஊழியக்காரன் என்னத்தைச் சோதித்தான் என்று யோசித்தோமா? அவன் கிணற்றடியில் ஜெபம் பண்ணினான். எனக்குக் குடிக்கக் கொடு என்று கேட்கும்போது, உன் ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று தானாகச் சொல்கிற பெண்ணைக் காட்டும் என்றான். ஒட்டகங்கள் பத்து. தாகத்தோடு வந்த ஒட்டகம் ஒரே தடவையில் 100 லிட்டர் வரை குடிக்கக்கூடியது. பத்துக்கும் சேர்த்து 1,000 லிட்டர் ஆகலாம். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று பழகிய நம் தாய்மாருக்கு அதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் என்றால் அறுபது குடத்துக்கு மேல். அந்நியன் ஒருவனுக்காக, கூலி கேளாமல், ஓடி ஓடி இறைத்தாள் ரெபெக்காள். அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். குணத்தைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே இரங்குகிற மனசைப் பார்த்தான்.

இன்னும் இரண்டு காரியம் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. பிரசங்கத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஒன்று, பொன் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது? மூக்குத்தியும் கடகங்களும் வெள்ளியும் வஸ்திரங்களும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போயின. இன்னொன்று, எல்லாம் பேசி முடித்த பிறகும் ரெபெக்காளைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று அவள் வாயிலிருந்து கேட்டார்கள். அவள் போகிறேன் என்றாள். அதன் பிறகுதான் அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் வாழ்ந்தவர்கள் கேட்டார்கள். நம் வீட்டில் கேட்டோமா? கேட்டபோது அப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னாளா, தன் மனசைப் பார்த்துச் சொன்னாளா?

வரதட்சணைக்கு வேதத்தில் ஆதாரம் காட்டுகிற சாமர்த்தியசாலிகளும் நம்மில் உண்டு. காலேப் தன் மகளுக்கு நிலமும் நீரூற்றும் கொடுத்தானே என்பார்கள். கொடுத்தான், மகளே வாய்விட்டுக் கேட்டதால் கொடுத்தான். மருமகன் லிஸ்ட் போட்டதால் அல்ல. பார்வோன் சாலொமோனுக்குப் பெண்ணோடு கேசேர் பட்டணத்தையே சீதனமாகக் கொடுத்தான் என்பார்கள். அதுவும் உண்மை. அந்தப் பட்டணத்தை அவன் சுட்டெரித்து, குடிகளைக் கொன்று, பிறகுதான் கொடுத்தான். சாலொமோனின் இருதயம் அந்நிய தேவர்களுக்குச் சாய்ந்துபோன கதை அதற்கு அடுத்தடுத்த அதிகாரங்களில் இருக்கிறது, போய் வாசியுங்கள்.

நம் ஊருக்கு 2006இல் மத்தியச் சிறை வந்தது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த பழைய சிறையைப் புழலுக்கு மாற்றினார்கள். பெண்களுக்கென்று தனிச் சிறையும் இங்கேயே இருக்கிறது. சிறை ஊழியம் என்று உள்ளே போய் வருகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. ஜிஎன்டி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் அந்த மதிலைத் தாண்டித்தான் போகிறார்கள். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குகிறவரையும் குற்றவாளி என்கிறது, கொடுக்கிறவரையும் குற்றவாளி என்கிறது. ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறை. 15,000 ரூபாயோ வாங்கியதன் மதிப்போ, இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் வரதட்சணைக் கொடுமையால் ஒரு பெண் செத்தால் ஏழு வருஷம் முதல் ஆயுள் வரை தண்டனை. மாமியார், மாமனார், நாத்தனார் எல்லாரும் குற்றப்பத்திரிகையில் வரலாம். இது மனுஷன் எழுதிய சட்டம். கர்த்தருடைய சட்டம் இதைவிடத் தளர்ச்சியானது என்று எண்ணுகிறீர்களா? மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில், இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்தவனுடைய காணிக்கையைக் கர்த்தர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சீர்வரிசையாக வந்த பைக்கில் ஏறிக் கோயிலுக்கு வந்து காணிக்கைப் பையில் 500 ரூபாய் போடுகிறவரே, உம்முடைய காணிக்கை எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பாரும்.

நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் பிரியப்பட்டதைச் செய்யுங்கள் என்று சொல்வது கேட்பதைவிட மோசம். கேட்டால் இல்லை என்று சொல்லலாம். கேட்காமல் கேட்டால் தகப்பன் தூக்கம் போய்விடும்.

இப்போது சாதி. வாய் கூசுகிறது, ஆனாலும் பேசியே ஆக வேண்டும். நற்கருணையில் ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறோம். ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறோம். கோயிலை விட்டு வெளியே வந்ததும் வரன் விஷயத்தில் நாலு வீதியாகப் பிரிந்து போகிறோம். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்தபோது மிரியாம் முணுமுணுத்தாள். கர்த்தர் கேட்டார். அவள் உடம்பு உறைந்த மழைபோல் வெண்குஷ்டமாகிவிட்டது. ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே கிடந்தாள். எண்ணாகமம் 12இல் இருக்கிறது. அதில் என்னை நடுங்கவைப்பது வேறொன்று. அந்த ஏழு நாளும் இஸ்ரவேல் ஜனம் முழுவதும் ஓரடி நகரவில்லை. ஒருத்தி பேசினாள், சபை முழுவதும் நின்றுபோயிற்று. நம் சபைகள் ஏன் எழுப்புதல் இல்லாமல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்று கன்வென்ஷன் போட்டு ஜெபிக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்கலாம்.

வடக்கன்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனது அந்த ஊரில். அவர் மனைவி பார்கவியும் பின்னாலேயே வந்து ஞானப்பூ ஆனார். மணமுடித்தபோது இருவருக்கும் கிறிஸ்துவைத் தெரியாது. ஒருவர் முந்தினார், மற்றவர் வந்து சேர்ந்தார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டில் கணவனைச் சுட்டுக் கொன்றார்கள். ஞானப்பூ விசுவாசத்தை விடவில்லை, பழைய வீட்டுக்குத் திரும்பவில்லை. வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து அங்கேயே அடக்கமானார். 2022இல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில்தான் கோயிலுக்குள் வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே சுவர் இருந்தது. கௌசானல் அடிகளார் 1910இல் அதை இடித்துப்போட்டார். வழக்கு கோர்ட்டுவரை போயிற்று, சுவர் திரும்ப எழவில்லை. கோயில் சுவரை இடித்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கல்யாண விளம்பரத்தில் அதை மறுபடி கட்டிக்கொண்டிருப்பது யார்?

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நம் பட்டணத்திலேயே பதில் இருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயர் போதகராக இருந்தார். அவர் மனைவி அன்னா, ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். சென்னையில் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தியவர், ‘நல்ல தாய்’ என்று தமிழில் புத்தகம் எழுதியவர். 1878இல் மருத்துவம் படிக்க அகமதுநகர்ப் பக்கத்திலிருந்து கிருபாபாய் என்ற பெண் சென்னைக்கு வந்து அவர்கள் வீட்டில் தங்கினாள். மராத்தி பேசுகிறவள். பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துவுக்குள் வந்தவர்களின் மகள். உடம்பு இடம் கொடுக்காமல் படிப்பும் பாதியில் நின்றது. நம் கணக்குப்படி அவளிடம் என்ன தேறும்? பாஷை வேறு, குலம் வேறு, ஆரோக்கியம் இல்லை. 1881இல் போதகரின் மகன் சாமுவேல் அவளை மணந்தார். அவளுக்கு 32 வயதில் மரணம் வந்தது. அதற்குள் பள்ளி நடத்தினாள், ‘சகுணா’, ‘கமலா’ என்று இரண்டு நாவல் எழுதினாள். ரயில் ஓடிய புதிதில் நம் போதகர் வீட்டில் முடிந்தது, மெட்ரோ ஓடுகிற காலத்தில் நமக்கு முடியவில்லை என்றால் அது காலத்தின் குற்றம் அல்ல.

காவாங்கரை முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நம் ஞாயிறு பள்ளிகளில் பாடுகிறார்கள். பாடும்போது அவர்கள் நம் பிள்ளைகள். வரன் பேசும்போது அகதிகள் ஆகிவிடுகிறார்கள். போவாஸ் மோவாபியப் பெண்ணை மணந்திருக்காவிட்டால் தாவீது எங்கே? தாவீதின் குமாரன் எங்கே?

வாலிபரே, இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன். அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எச்சரித்ததை வெறுப்புப் பேச்சாக்க வேண்டாம். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரனையும் முஸ்லிம் சகோதரனையும் நேசிக்க நமக்குக் கட்டளை இருக்கிறது. ஆனால் யாரோடு முழங்காற்படியிடுவது, பிள்ளைக்கு யாருடைய நாமத்தைச் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் எதைப் பற்றிக்கொண்டு நிற்பது, இவற்றில் ஒருமனம் இல்லாமல் வீடு கட்டாதீர்கள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுக்க வைத்துச் சமாதானம் அடையாதீர்கள். அப்படி எடுத்தவர் அடுத்த தரம் கோயிலுக்கு வருவது பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குத்தான். அதேபோல, கிறிஸ்தவப் பெயர் இருப்பதை வைத்தும் ஏமாறாதீர்கள். தெலீலாளைத் தேடிப்போன சிம்சோன் நசரேயனாகப் பிறந்தவன்தான். அவனைத் தேவபக்தியுள்ள வரன் என்று எந்தப் புரோக்கரும் சொல்லியிருப்பார்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? சர்ச்சில் கை உயர்த்துவதைப் பார்க்காதே. வீட்டில் கை ஓங்குகிறானா என்று விசாரி. அவன் சாட்சி சொல்வதைக் கேட்காதே. அவனுக்குக் கீழே வேலை பார்க்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி என்ன சொல்கிறான் என்று கேள். அவள் பாட்டைக் கேட்காதே. வியாதிப்பட்ட பாட்டியோடு எப்படிப் பேசுகிறாள் என்று கேள். கடன் உண்டா என்று கேள். குடி உண்டா என்று கேள். கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று கேள். கேட்பது அவிசுவாசம் அல்ல. ஊழியக்காரன் ஜெபமும் பண்ணினான், பார்த்துக்கொண்டும் இருந்தான். உன்னையும் அதே கேள்விகளைக் கேட்க விடு.

பர்மனென்ட் ஆகட்டும், ஹவுசிங் லோன் முடியட்டும், தங்கை கல்யாணம் ஆகட்டும் என்று பத்து வருஷம் தள்ளிவிட்டு, கடைசியில் மூன்று வாரத்தில் அவசரமாக முடிவெடுக்கிறீர்களே, அந்தப் பத்து வருஷத்தில் ஒரு நாளாவது உங்கள் சொந்தக் குணத்தைத் திருத்த உட்கார்ந்தீர்களா? நல்ல துணையைத் தேடுகிறவன் முதலில் நல்ல துணையாக வேண்டாமா? வயது தாண்டிப்போயிற்று என்று ஒதுங்கி நிற்கிற அக்காமாரே, அண்ணன்மாரே, நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈசாக்கு ரெபெக்காளை மணந்தபோது அவனுக்கு 40 வயது. கணவனைக் கடலுக்கும் ஆலை விபத்துக்கும் கொடுத்துவிட்டு வெள்ளைச் சேலையில் நிற்கிற சகோதரிகளே, கர்த்தருக்குள்ளாக மறுமணம் செய்ய உங்களுக்கு விடுதலை உண்டு என்று பவுலே எழுதியிருக்கிறார். அதைத் தடுக்கிற வாய் எந்த மாமியாருடையதானாலும் எந்தக் கமிட்டி மெம்பருடையதானாலும் அடங்கட்டும். ஏற்கெனவே விசுவாசம் வேறான துணையோடு வாழ்கிறவர்களே, இந்தப் பேச்சைச் சாக்காக வைத்து வீட்டை உடைக்காதீர்கள். உங்கள் நடக்கையே அங்கே பிரசங்கம்.

போதகர்மாரே, குருக்களே, உங்கள் பங்கு பெரியது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நீங்கள். மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகிவிட்டதா என்று பார்க்கிறீர்கள், நல்லது. பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, உனக்கு மனசிருக்கிறதா மகளே என்று கேட்கிறீர்களா? எவ்வளவு கைமாறியது என்று தகப்பனைக் கேட்கிறீர்களா? வகுப்புக்கு வந்ததாகச் சர்டிபிகேட் கொடுக்கிறீர்களே, வந்தவர்களின் மனசைப் பார்த்தீர்களா? ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினீர்களா?

இந்த ஞாயிறே தொடங்குங்கள். பெற்றோரே, இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு மகளைக் கூப்பிடுங்கள், மகனைக் கூப்பிடுங்கள். உனக்கு எப்படிப்பட்ட துணை வேண்டும் என்று கேளுங்கள், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பேசி முடித்த சம்பந்தத்தில் பணம் பேசியிருந்தால் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள், ஓலை வாசிக்கப்பட்டிருந்தாலும் கொடுங்கள். விளம்பரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் சாதி என்ற வரியை அடித்துவிடுங்கள். ஒரு சம்பந்தத்தைப் பற்றி அஞ்சத்தக்க காரியம் தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். போதகரிடம் போய் உண்மையை மட்டும் சொல்லுங்கள். மூன்றாம் ஓலை வாசிக்கப்படுகிற ஞாயிறுக்கு முன் சொல்லுங்கள்.